சிலுவை வீட்டு நெருப்பு

இறந்துகிடந்த அம்மாவின் விரல்களுக்கிடையே ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள் ஜாய்சி. வாசலில் தம்பி கிங்ஸ்லியின் குரல் உயர்ந்தது.

"என்ன வே, எரியாம எதும் மிச்சம் கெடக்கான்னு பாக்க வந்தீரா?"

எட்டிப் பார்த்தாள். சிலுவை மாமா. எண்பதைத் தாண்டிய உடம்பு, உச்சி வெயிலில் கம்பை ஊன்றி நின்றது.

முப்பத்தேழு வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்குத் தீ வைத்தவர் அவர்தான். ஆறு கடலில் விழும் இடத்தில் யார் கரைவலை இழுப்பது என்று அப்பாவோடு மூண்ட சண்டை. விடியற்காலையில் வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஓலைக்கூரையில் பந்தத்தை எறிந்தார். அப்பா பின்சுவரை இடித்து எல்லோரையும் இழுத்துப் போட்டார். தொட்டிலில் கிடந்த கிங்ஸ்லிக்கு மட்டும் இடது கால் வெந்தது. வள்ளியூரில் வாத்தியாராகிவிட்ட பிறகும் அவன் வேட்டி கட்டுவதில்லை.

அன்றைக்கே அப்பா ஆள் திரட்டினார். பொழுது சாய்வதற்குள் சிலுவை வீடும் சாம்பலாகிவிடும் என்று ஊருக்கே தெரியும். அந்த வீட்டிலும் ஒரு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா யாரிடமும் வாயைக் கொடுக்கவில்லை. எட்டு வயது ஜாய்சியை ஒரு கையிலும் தேங்காய்ச் சிரட்டையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நேரே சிலுவையின் வாசலில் போய் நின்றாள். என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு!

"அடுப்புப் பத்தவைக்கணும். கொஞ்சம் நெருப்பு தாங்க."

அரிவாளும் கையுமாக நின்ற மனுஷன் அதைச் சுவரில் சாய்த்தார். உள்ளே போய்க் கங்கு அள்ளிவந்து சிரட்டையில் போட்டார்.

அம்மா மணலில் கல் கூட்டிச் சோறு பொங்கினாள். அப்பா வயிறாரத் தின்று கை கழுவும்வரை பொறுத்திருந்தாள்.

"சிலுவை வீட்டு நெருப்புல வெந்த சோறு. தின்னாச்சுல்லா? இனி போயி அந்த வீட்டக் கொளுத்துங்க பாப்போம்."

நெருப்புக் கொடுத்த வீட்டுக்குக் கெடுதல் நினைப்பதில்லை என்பது அந்தக் கரையின் கட்டு. அப்பா அரிவாளைத் தூரப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார். பகை அதோடு ஒழிந்தது. ஆனாலும் சிலுவை இந்தப் படியை மட்டும் மிதித்ததில்லை.

"யக்கா, இந்த ஆளு உள்ள வந்தா நான் பெட்டியத் தூக்க மாட்டேன்!"

கிங்ஸ்லி வழியை மறித்து நின்றான். சிலுவையின் மகன்கள் தெருமுனையிலிருந்து பைய நெருங்கினார்கள். இவன் பக்கமும் நாலு பேர் எழுந்தார்கள். பெற்ற மகன் தோள் கொடுக்காமல், வாசலில் வெட்டுக்குத்தோடுதான் அம்மா கல்லறைக்குப் போவாள்போல.

ஜாய்சி எழுந்தாள். அம்மாவின் தலைமாட்டில் எரிந்த மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்று பெண்கள் பதறினார்கள்.

அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, தம்பியைத் தாண்டி வெயிலில் இறங்கினாள்.

"மாமா, அம்மாவுக்கு வத்தி பத்தவைக்கணும். கொஞ்சம் நெருப்பு தாங்க."

சிலுவை அவளையே பார்த்தார். மடியைத் துழாவித் தீப்பெட்டி எடுத்தார். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதைக் கடல்காற்று அணைத்தது.

மூன்றாவது குச்சியை உரசியபோது, கிங்ஸ்லி இடது காலை இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்து, இரண்டு கைகளையும் குவித்துக் காற்றை மறைத்தான்.