சவீனா ஏன் நெருப்பு வைத்தாள்

கிரின்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் அஜந்தினிக்குப் பதினொரு வருட வேலை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு மேசையில், கூட வேலைசெய்யும் கேர்ஸ்டன் தன் முன்னோர்களில் ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். ஆடு திருடி, பெண்கள் சிறையில் ஆறு வருடம் இருந்தவளாம். ஓய்வுநேரமெல்லாம் வம்சாவளி தேடுவதிலேயே கழிக்கிறவள் கேர்ஸ்டன். சிறைப்பதிவின் படத்தைக் கைபேசியில் எல்லோருக்கும் காட்டினாள், ஏதோ பரிசு வாங்கியவளைக் காட்டுவதுபோல.

"எங்கள் குடும்பத்திலும் ஒருத்தி இருந்தாளாம். கப்பலேற்றி நாடு கடத்திவிட்டார்களாம்." சொன்ன பிறகுதான் அஜந்தினிக்குத் தான் வாயைத் திறந்ததே உறைத்தது.

"அவள் பெயர் என்ன?"

தெரியாது. என்ன குற்றம் என்றும் தெரியாது. சிறுவயதில், ஏதோ குடும்பச் சண்டையில், உறவுக்காரி ஒருத்தி வீசிவிட்டுப் போன "கப்பலேத்தினவளின்ர வம்சம்" என்ற வசவு மட்டும்தான் அவளிடம் இருந்தது.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து அப்பா கிறிஸ்துநாயகத்தைக் காரில் கூட்டிவரும்போது கேட்டாள்.

"அதை ஏன் இப்ப கிண்டுறாய், பிள்ளை?"

"சும்மா அறியத்தான் அப்பா."

அவர் வெளியே வயல்களைப் பார்த்தபடி சொன்னார். "எமிலியா மாமிக்கு எழுபத்தொன்பதில ஒரு சம்பந்தம் சரிவந்தது. நாளும் குறிச்சாச்சு. ஆரோ போய் அந்தக் கப்பல் கதையை ஓத, மாப்பிள்ளை வீட்டார் விட்டிட்டுப் போட்டினம். அண்டையில இருந்து எங்கட வீட்டில அதைக் கதைக்கிறேல்ல."

"பேராவது தெரியுமோ?"

வீட்டு வாசலில் இறங்கிக் கார்க் கதவைச் சாத்தப்போகும்போதுதான் பதில் வந்தது. "சவீனா."

பெயர் கிடைத்ததும் அஜந்தினிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மன்னாரில் தங்கள் பழைய பங்குக் கோயிலுக்கு எழுதினாள். இரண்டு மாதம் கழித்து அங்கிருந்த சுவாமியார் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். 1841இல் லூசியா என்ற பெண் குழந்தை. தாய் சவீனா. தகப்பன் கடலில் இறந்தவன். ஓரத்தில் வேறொரு மையில் பின்னாளில் எழுதிய குறிப்பு: தாய் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டாள்.

மலாக்கா என்றதும் கேர்ஸ்டனுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. அந்நாளில் இரண்டு இடமும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்ததால், இங்கிலாந்தில் உள்ள ஆவணக் காப்பகத்திலிருந்து கைதிகள் பட்டியலின் பிரதியை வரவழைத்தார்கள். அந்தக் காலத்துச் சுருட்டெழுத்து அஜந்தினிக்குப் பிடிபடவில்லை. பழைய தேவாலயப் பதிவுகளை வாசித்துப் பழகிய கேர்ஸ்டன்தான் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு சொல்லாக எடுத்தாள். சவீனா. 1843இல் வயது இருபத்துநாலு. பாய் இழைப்பவள். இடது புருவத்தின்மேல் தழும்பு. விதானையின் வீட்டுக்கு நெருப்பு வைத்த குற்றத்துக்குப் பதினாலு வருடம்.

விதானை என்றால் ஊரின் தலைமைக்காரன் என்று அஜந்தினி கேர்ஸ்டனுக்கு விளக்கினாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கிறது," என்றாள் கேர்ஸ்டன். "ஏன் செய்தாய் என்று நீதிபதி கேட்டிருக்கிறார். அதை என் மகளுக்கு மட்டும்தான் சொல்லுவேன் என்று பதில்."

அஜந்தினி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளிடம் எப்போது, எப்படிச் சொல்லியிருப்பாள்? பட்டியலில் நிற்பவளை எல்லோரும் கொள்ளிக்கட்டை என்றுதான் நினைத்திருப்பார்கள். அஜந்தினிக்கோ அவளோடு ஒருதரம் இருந்து கதைக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்து மலாக்காவில் உள்ள தேவாலயத்துக்கு எழுதினாள். அங்கேயும் சவீனா அகப்பட்டாள். 1858இல் மாட்டுவண்டிக்காரன் ஒருவனுக்கும் அவளுக்கும் ஒரு மகள். அந்தப் பிள்ளைக்கும் லூசியா என்றுதான் பெயர் வைத்திருந்தாள்.

அந்தப் பெயரைக் கண்டபோது அஜந்தினி கணினியை மூடிவிட்டு, குளிர் என்றும் பாராமல் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள்.

இரண்டாவது லூசியாவின் வழியில் வந்த செலஸ்டீனா என்ற ஆசிரியையைத் தேவாலயத்தாரே தேடிக் கொடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை வீடியோவில் கதைக்க ஏற்பாடாயிற்று. அப்பாவும் வந்திருந்தார், ஆனால் திரையில் விழாதபடி சாய்மனைக் கதிரையைத் தள்ளிப்போட்டுக்கொண்டு பேப்பர் பார்த்தார்.

செலஸ்டீனாவுக்குத் தமிழ் வராது, ஆங்கிலத்தில்தான் பேச்சு. சவீனா கன்னியாஸ்திரிகளோடு வந்த மருத்துவிச்சி என்றுதான் தங்கள் வீட்டில் சொல்வார்கள் என்றாள். அஜந்தினி பட்டியலின் பிரதியைக் கையில் எடுத்தாள். சொல்வதா, விடுவதா? எமிலியா மாமிக்கு நடந்தது ஞாபகம் வந்தது. ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை. கைதிப் பட்டியல், விதானை வீடு, நெருப்பு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கத்தில் செலஸ்டீனா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எங்கள் வீட்டில் தாய்மார் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு கதை உண்டு," என்றாள் மெதுவாக. "ஒரு பெரிய மனிதன் ஒரு சின்னப் பெண்ணைத் தன் வீட்டில் பூட்டி வைத்திருந்தான். அவளுடைய அக்கா போய்க் கேட்டும் விடவில்லை. ஒரு நாள் அக்கா அவன் வீட்டு ஓலைக்கூரையில் நெருப்பு வைத்தாள். கதவைத் திறந்தே ஆகவேண்டுமல்லவா? எல்லோரும் ஓடினார்கள். தங்கையும் ஓடித் தப்பிவிட்டாள். அந்த அக்காவுக்குப் பெயர் கிடையாது. நான் அதை வெறும் கதை என்றே நினைத்திருந்தேன்."



"அந்தத் தங்கச்சிக்கு என்ன பேராம்?" கதிரையிலிருந்து அப்பாவின் குரல்.

அஜந்தினி அதை ஆங்கிலத்தில் கேட்டாள். செலஸ்டீனாவுக்குத் தெரியவில்லை. அப்பா எழும்பி வந்து அஜந்தினியின் தோளுக்குப் பின்னால் நின்றார். பேப்பர் இன்னும் கையில் இருந்தது.

"எங்கட லூசியாவைச் சின்னம்மாக்காரிதான் வளர்த்தவ எண்டு என்ர ஐயா சொல்லுவார். அவ கலியாணமே கட்டேல்லயாம். தெரேசா எண்டு பேர். கேள் பிள்ளை, அதுவாத்தான் இருக்குமோ எண்டு."

உறுதியாகச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. ஆனால் மன்னார்ப் பதிவேட்டில் தெரேசாவைத் தேட வேண்டும் என்று மூன்று பேரும் முடிவெடுத்தார்கள்.

அழைப்பு முடிந்ததும் அப்பா புரொண்பியில் இருக்கும் எமிலியா மாமிக்குப் போன் போட்டார். நாற்பது சொச்ச வருடம் வாய் திறக்காத கதையை நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னார்.

"எமிலியா, இருக்கிறியோ?"

"ஓம் அண்ணை. முதல்ல இருந்து சொல்லுங்கோ. ஆறுதலாச் சொல்லுங்கோ."

அவர் மறுபடி சொன்னார். இந்தமுறை கதிரையில் இருந்துகொண்டு. முடிந்ததும் மாமி அஜந்தினியிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"வாற சனி நான் ரெயினில வைல ஸ்டேசன் வரைக்கும் வாறன், பிள்ளை. நீ காரில வந்து ஏத்து. சவீனாவின்ர பேர் உள்ள அந்தத் தாளை நான் என்ர கண்ணால பாக்கோணும்."