பள்ளி வாசலில் கறுப்புக் கட்டம்

"நாலு பூ, டீச்சர்! எண்ணிப் பாருங்க, நாலு! உயிரோட இருக்கிற பிள்ளைக்கு யாராச்சும் இரட்டைப்படையில பூ கொண்டாருவாங்களா?"

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்னெஜானா பள்ளி வாசலில் போட்ட சத்தத்தில், எதிர்க் கட்டடத்து பால்கனியில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த நான் அடுப்பையே மறந்துவிட்டேன். இரண்டு மிளகாய் கரியாயின. பரவாயில்லை.

"நான் ஒட்டினது வகுப்புச் சேதிங்க. யாருமே படிச்சுப் பாக்கலையா?" என்றார் இரண்டாம் வகுப்பு ஆசிரியை ரலீத்சா.

"படிக்கிறதாவது! சனிக்கிழமை பக்கத்து வீட்டம்மா சாவுக்குப் படைக்கிற மாதிரி கோதுமையை வேகவெச்சு, சர்க்கரை தூவி எடுத்துட்டு வந்து என் வாசல்ல நின்னு அழுவுறாங்க. என் பையன் பின்னாடி நின்னுக்கிட்டு 'யாரும்மா செத்தா?'ங்கிறான்!"

ரலீத்சாவின் நோக்கம் நல்லதுதான். அதற்குமுன் பெற்றோருக்கான சேதியெல்லாம் கைபேசியில் வைபர் குழுவில்தான் போகும். குழுவின் ராணி ஸ்னெஜானா. காணாமல் போன ஒற்றைக் கையுறைக்காக அதில் நூற்று நாற்பது செய்திகள் வந்தன. பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று ஒன்றுகூட இல்லை. அலுத்துப்போன ரலீத்சா, வாரம் ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டு, அது வகுப்பில் என்ன செய்தது என்று நாலு வரி எழுதி வாசலில் ஒட்டுவதென்று முடிவெடுத்தார். முதல் பிள்ளை ஸ்னெஜானாவின் மகன் கலோயன். அழகுக்காகச் சுற்றிலும் கட்டம் போட்டார். வண்ண மை தீர்ந்திருந்ததால் கட்டம் கறுப்பாக வந்தது. ஒட்டிய இடமோ, ஊரே மரண அறிவிப்பு ஒட்டும் வாசல் தூண்.

கறுப்புக் கட்டம், நடுவில் முகம், கீழே நாலு வரி. இதைப் பார்த்தால் எங்கள் ஊரில் யாரும் எழுத்துக் கூட்டிக்கொண்டு நிற்பதில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, சாவுக்குரிய இரட்டைப்படையில் பூ வாங்கக் கடைக்குப் போய்விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை அதை முதலில் பார்த்தவர் மெத்தோதி. ஹாஸ்கோவோ போகும் பேருந்தின் ஓட்டுநர், ஸ்னெஜானாவை விட்டுப் பிரிந்து மூன்று வருடமான கணவர். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் மகனைப் பார்ப்பார். வைபர் குழுவில் அவருக்கு இடமில்லை, ராணி சேர்க்கவில்லை. பேருந்தை நடுச்சாலையில் நிறுத்திவிட்டு அவர் இறங்கி ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு படித்தார். மறுபடியும் படித்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தும் அசையவில்லை.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? அவர் போனதும் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கிப் போனேன்.

"கலோயன் மூன்றாம் வாய்ப்பாட்டை முடித்தான். ஒரு சிறுமிக்கு ஷூ நாடா கட்டச் சொல்லிக்கொடுத்தான். எங்கள் வகுப்பு நத்தைக்கு 'மந்திரி' என்று பெயர் வைத்தவனும் இவனே."

அவ்வளவுதான். இதற்கா அத்தனை நேரம்?

திங்கட்கிழமைச் சண்டைக்குத் தலைமையாசிரியை யோர்தானோவாவும் வந்து சேர்ந்தார். "இனிமே காகிதமே வேண்டாம். எல்லாம் குழுவுலயே போடுங்க ரலீத்சா."

அப்போதுதான் எட்டு ஐந்து பேருந்து வந்து நின்றது. மெத்தோதி இறங்கி வந்தார்.

"நிறுத்திடாதீங்கம்மா," என்றார்.

"வந்துட்டாரு!" என்றாள் ஸ்னெஜானா. "உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"ஸ்கூல்ல என்னடா பண்ணினேன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல'ங்கிறான். மூணு வருஷமா அந்த ஒண்ணுமில்லதான். அவன் நத்தைக்கு மந்திரின்னு பேர் வெச்சது இந்தக் காகிதத்தைப் பாத்துதான் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சதனால பஸ் வேகமா ஓடுதோ?"

"இல்ல. வெள்ளிக்கிழமை பதினோரு நிமிஷம் லேட்டு."

யாரோ சிரித்தார்கள். யோர்தானோவா சிரிக்கவில்லை. ஸ்னெஜானா கிழித்துக் கையில் வைத்திருந்த காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். "அப்பாவுக்கும் சேதி போகணும், அது முறை. ஸ்னெஜானா, ஒண்ணு இவரைக் குழுவுல சேத்துக்க, இல்லன்னா காகிதம் இருக்கட்டும். நீயே சொல்லு."

ஸ்னெஜானா மெத்தோதியை மேலும் கீழும் பார்த்தாள். காலை ஆறு மணிக்கு அவள் குழுவில் போடும் வணக்கங்களையும், தலைமுடியை அலங்கரித்து எடுத்த படங்களையும் இந்த மனுஷன் பார்ப்பதா?

"காகிதமே இருக்கட்டும்! ஆனா கட்டம் மட்டும் பச்சையா இருக்கணும்!"

அதன் பிறகு வெள்ளிதோறும் ஹாஸ்கோவோ பேருந்து தாமதமாகத்தான் கிளம்பியது. கலோயனின் முறை வராத வாரங்களிலும் மெத்தோதி படித்தார். வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேரின் பெயரும் அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகனும் பூங்காவில் வாயோயாமல் பேசிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பின்னாலேயே போயும் காதில் பாதிதான் விழுந்தது.

ரலீத்சாவை மெத்தோதிதான் கட்டுவார் என்று கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பெண் தேனீ வளர்க்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு கசான்லக் பக்கம் போய்விட்டாள். ஸ்னெஜானா பல் கட்டும் ஒருவரை மணந்து மகனோடு வர்னாவுக்குக் குடிபெயர்ந்தாள். அங்கே பள்ளி வாசலில் எதுவும் ஒட்டுவதில்லையாம். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெத்தோதியும் வீட்டைக் காலி செய்துகொண்டு வர்னாவுக்கே போனார். அங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறாராம். அந்த வழித்தடம் கலோயனின் பள்ளியைத் தாண்டிப் போகிறதா என்று, இங்கே அவருக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்தவளிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.