தூக்கு நைனா, தூக்கு

விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்தரையில் போய் நின்றதில் யாருக்கும் அடியில்லை. அடிபட்டது துணை விமானி கார்குழலியின் லைசென்ஸ் மட்டும்தான். விசாரணை முடிகிறவரை பறக்கக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. அதற்கு மேல் பறக்க அவளுக்கு வழியில்லை.

அவள் பிளாக்கில் ஆளாளுக்கு ஒரு விசாரணைக் குழு நடத்தினார்கள். பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சிலுவையம்மாள் கேட்டாள்: "இன்னாடி, பிளேனை மேய்ச்சலுக்கு உட்டுட்டியாமே?"

"நான் ஓட்டலக்கா. கேப்டன்தான் ஓட்னாரு. நான் ரேடியோவும் மீட்டரும் பாத்துகினு இருந்தேன்."

"ரேடியோ கேட்டுகினு இருந்தியா? அதான் பூட்ச்சு."

உண்மையில் விஷயம் இதுதான். அன்றைக்கு ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று. அப்படிப்பட்ட காற்றில் விமானம் நண்டு மாதிரி ஒருக்களித்தபடிதான் இறங்கும். தரையைத் தொடும்போது நேராக்க வேண்டும். நேராகாது என்று பட்டால் இறங்காமல் மறுபடி மேலே கிளப்பிவிட வேண்டும். அதற்கு 'கோ அரவுண்ட்' என்று இரண்டு வார்த்தை உண்டு. துணை விமானி அதைச் சொல்லிவிட்டால் கேப்டன் மறுபேச்சில்லாமல் கிளப்பியாக வேண்டும். கார்குழலி சொன்னாளா, இல்லையா? சொல்லியிருந்தால் தப்பு கேப்டன் மேல். சொல்லவில்லை என்றால் அவள் லைசென்ஸ் போயே போச்சு.

விமான நிலையக் கட்டடத்தில் ஏசி கெட்டுப்போனதால் ஆகாய விபத்தை விசாரிக்கத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஹால் கிடைத்தது. தலைவர் டெல்லிக்காரர். பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒரு முனைவர். சங்க காலத்துக்குப் பிறகு தமிழ் கெட்டுவிட்டது என்ற துக்கம் முகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர். எதிரே கேப்டன் அருள்நாதன். தம் பெயரை அவர் 'அர்ல் நேத்தன்' என்றுதான் சொல்வார். பயணிகளுக்கு அவர் செய்யும் அறிவிப்பைக் கேட்டால் லண்டனில் இறங்கப்போகிறோமோ என்று மதுரைக்குப் போகிறவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

காக்பிட் ஒலிப்பதிவை எழுத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். காற்று அதிகம் சார், கோட்டை விட்டு விலகுகிறோம் சார் என்று கார்குழலி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வருகிறாள். எனக்குத் தெரியும் என்கிறார் கேப்டன். தரை நெருங்கியபோது அவள் குரல் தமிழுக்குத் தாவுகிறது: "தூக்கு நைனா, தூக்கு."

முனைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தூக்கு என்பது தூக்குமேடை. நைனா, தெலுங்கில் தந்தை. துணை விமானி அவ்விடத்தில் இல்லாத தம் தந்தையை விளித்து, தூக்குத் தண்டனை குறித்து ஏதோ முறையிடுகிறார்."

"நிலைகுலைந்து தந்தையைக் கூவி அழைத்தார்," என்றார் கேப்டன், ஆங்கிலத்தில், வருத்தமாக. "அந்த நொடியிலும் நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். அடுத்த வரியில் இருக்கிறது."

இருந்தது. கேப்டன்: "கம் ஆன், கெட் எ..."

"'கெட் எ கிரிப்' என்று முடிப்பதற்குள் சக்கரம் தரையில் பட்டுவிட்டது," என்றார் அவர்.

கார்குழலி கையைத் தூக்கினாள். "சார், அது இங்கிலீஷ் இல்ல. கம்முனு கெட."

"அப்படியென்றால்?" என்றார் தலைவர்.

"வாயை மூடுன்னு அர்த்தம் சார். தூக்குன்னா மேல கிளப்பு. எதிர்ல ஹார்பர்ல கிரேன்காரங்களைப் பாத்து பொழுதன்னிக்கும் அதைத்தான் கத்துறாங்க. நைனான்னு எங்கப்பாவைக் கூப்புடல, இவரைத்தான் கூப்டேன்."

முனைவர் அப்படியொரு சொல் எந்த அகராதியிலும் இல்லை என்றார். கேப்டன் அப்படியொரு பாஷையே தமக்குத் தெரியாது என்றார். அவர்கள் வீட்டில் நாய்க்கும் ஆங்கிலம்தானாம்.

"பதிவு அதோட முடியலயே சார்," என்றாள் கார்குழலி. "மீதியையும் போடுங்க."

விமானம் ஓடுபாதையை விட்டு விலகிய பிறகு பேசியது விபத்துக்குச் சம்பந்தமில்லை என்று அதை யாரும் எழுதியிருக்கவில்லை. தலைவர் போடச் சொன்னார். முதலில் கடகடவென்று ஒரு சத்தம். பிறகு அமைதி. அந்த அமைதியில், லண்டன் சுத்தமாகக் கழன்றுவிட்ட கேப்டனின் குரல் தெளிவாகக் கேட்டது:

"அய்ய, கலீஜாப் பூட்ச்சே. இன்னாமே, இப்டி இஸ்துகினு வந்து உட்டுச்சு?"

முனைவர் பேனாவைக் கீழே வைத்தார். இதற்கு மொழிபெயர்ப்பு யாரும் கேட்கவில்லை.

தலைவர் கார்குழலி பக்கம் திரும்பினார். "அந்த இரண்டு வார்த்தையையே நீங்கள் ஏன் சொல்லவில்லை?"

அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். கேப்டனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இதற்கு அவள் தன்னைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும்.

"சொல்லியிருக்கணும் சார். இவர்கிட்ட அதைச் சொல்ல பயம். ஒவ்வொரு தபாவும் சார் போட்டுச் சொன்னதுல சார் மட்டும்தான் அவருக்குக் கேட்டுச்சு. கடைசியா பயம் உட்டுப் போச்சு, அதோட இங்கிலீஷும் சேந்து உட்டுப் போச்சு."

தலைவர் யோசித்துவிட்டு எழுதச் சொன்னார்: அழைப்பு விடுக்கப்பட்டது, புரிந்துகொள்ளப்பட்டது, பதிலும் அளிக்கப்பட்டது. கேப்டன் பறப்பது நிறுத்தப்படுகிறது. துணை விமானிக்கு லைசென்ஸ் திரும்பத் தரலாம். அதற்கு முன் 'கோ அரவுண்ட்' என்று உரக்கச் சொல்ல அவர் பயிற்சி எடுக்க வேண்டும்.

வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கேப்டனின் காருக்கு நகர வழியில்லை. அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"உனுக்கு எந்த எடம்?"

"வியாசர்பாடி. நீங்க சார்?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "பனமரத்தொட்டி."

"ராயபுரம் ஆளா நீங்க," என்றாள் கார்குழலி. "மொதல்லியே சொல்லியிருந்தா பிளேன்லியே நல்லா திட்டியிருப்பேனே சார்."