கோட்டைக்கு வந்த தண்ணீர்

எங்கள் பண்ணையில் விருந்தினருக்கென்று நான்கு அறைகள் உண்டு. வருகிறவர்கள் இரண்டு நாள் மாட்டையும் கோழியையும் போட்டோ எடுத்து ஓய்ந்ததும், "பக்கத்துல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அதற்காகவே ஒரு வேன் வாங்கினோம். காலையில் அருவி, மதியம் மலைக்கோட்டை, திரும்பும் வழியில் ஏரி. ஆறு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். ஆனால் கோட்டைக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. வாசலில் மரநிழலில் டிரைவர்கள் சீட்டாடுவார்கள். நானும் ஒரு கை சேர்ந்துகொள்வேன்.

உள்ளே சுற்றிக்காட்ட ஒரு கைடு இருந்தார். அவர் தொண்டை அப்படி, எல்லோரும் மைக்செட் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பெரிய சரக்கு சுரங்கப்பாதை. எதிரிப் படை சூழ்ந்த அன்று ராஜா ராணியைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு அதன் வழியே கீழே ஆற்றங்கரைக்குத் தப்பித்தாராம். கைதட்டல் வாங்காமல் விடமாட்டார். அங்கே மாட்டியிருந்த போர்டிலும் 'ரகசியச் சுரங்கம்' என்றே இருந்தது.

என் மனைவி ஒருநாள் விருந்தினரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அந்த ஓட்டையில குதிரை போகாதுங்க. நம்ம கன்னுக்குட்டியே குனிஞ்சுதான் போகணும்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கைடு பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். நாலரை மாதம், சனிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் வந்தாள். "நாற்பத்தாறு வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நான் கேட்காத வாரமில்லை. பரீட்சையில் தேறி, போட்டோ ஒட்டிய பேட்ஜோடு வந்து நின்ற அன்றுதான் வாயை மூடினேன்.

முதல் நாள் அவளை நம்பி ஒன்பது பேர் வந்தார்கள். அருவியில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. கோட்டை வாசலில் வேனை நிறுத்தியதும் அவளிடம் மெதுவாகச் சொன்னேன்.

"இங்க பாரு, போர்டுல எழுதியிருக்கிறதையே சொல்லிட்டு வந்துடு. வம்பு வேணாம்."

"போர்டு தப்பா இருந்தா?"

"அது அரசாங்க போர்டும்மா."

அவள் பேட்ஜைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள். எனக்குச் சீட்டாட்டத்தில் மனம் போகவில்லை. வேனைப் பூட்டிவிட்டு, ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சுரங்கத்தின் முன்னால் மைக்செட் முப்பது பேரை நிற்கவைத்து, ராணியைக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி நின்று என் மனைவி தன் ஆட்களிடம், "இது தப்பிச்சுப் போன வழி இல்லைங்க. தண்ணி வந்த வாய்க்கால்" என்றாள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். எதையும் வாயைத் திறந்து பார்க்காமல் நம்பாத மனுஷன். "அவர் சுரங்கம்ங்கிறார், நீங்க வாய்க்கால்ங்கிறீங்க. நாங்க யாரை நம்புறது?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்.

மைக்செட் திரும்பினார். "யாரு வாய்க்கால்னு சொன்னது? பேட்ஜ் இருக்கா?"

அவள் பேட்ஜைத் தூக்கிக் காட்டினாள். "இருக்குண்ணே. நீங்க சொல்ற கதை கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா குதிரை எப்படிண்ணே நுழையும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் பல் டாக்டரின் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினாள். மண்டி போட்டு, அந்த ஓட்டைக்குள் கை எட்டும் மட்டும் நீட்டி, தரையில் தண்ணீரை ஊற்றினாள். "கீழே ஆத்துக்கு இறங்குற வழின்னா தண்ணி உள்ளே ஓடணும். பாருங்க."

தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்லிய கோடாக வெளியே வந்தது. அவள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு, கல்லில் வெட்டியிருந்த காடியைப் பிடித்து, முற்றத்தின் நடுவே காய்ந்து கிடந்த தொட்டியை நோக்கி நகர்ந்தது. முப்பத்தொன்பது பேரும் அதன் பின்னாலேயே நகர்ந்தார்கள்.

"இந்த ஓட்டை வாய்ல ரெண்டு பக்கமும் பள்ளம் தெரியுதா? இது பலகை செருகுற இடம். தண்ணி வேணாம்னா அடைச்சு வைக்கலாம். மேலே மலையில ஊத்து இருக்கு. அங்கிருந்து யாரோ உளியால தட்டித் தட்டி, இருட்டுல, மட்டம் தப்பாம கொண்டுவந்திருக்காங்க. ராஜா தப்பிச்சு ஓடினதைவிட இது பெரிய விஷயம் இல்லீங்களா?"

பல் டாக்டர் வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது சட்டை முழுக்க மண். "ஏறிக்கிட்டேதான் போகுது" என்றார்.

கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "இதெல்லாம் பயிற்சியில சொல்லிக் கொடுத்தாங்களா?"

"இல்லைங்க. எங்க பண்ணைக்கு ஒரு வாய்க்கால் இருக்கு. என் வீட்டுக்காரர் வெட்டினது. அதைப் பார்த்துப் பழக்கம்."

பண்ணைக்கு வரும் அத்தனை பேரிடமும் 'நான் வெட்டின வாய்க்கால்' என்று மார்தட்டிக் கொண்டவன் நான். அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. இப்போது ஊரார் முன்னாலும் அதையே சொல்கிறாள். என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"நான் வெறும் மண்ணைத்தான் வெட்டினேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ட்யூபுல தண்ணி நிரப்பி, அடிக்கு அடி மட்டம் பார்த்தது இவங்கதான். ரெண்டு தடவை நான் என் இஷ்டத்துக்கு வெட்டி, தண்ணி ஏறாம, இவங்க சொன்ன இடத்துல திரும்ப வெட்டினேன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். "நீங்க எப்ப உள்ளே வந்தீங்க?" என்றாள். முகம் சிவந்திருந்தது.

மைக்செட் தன் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போனார். ஆனால் பத்து நிமிடம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். "தங்கச்சி, அந்தப் பலகைப் பள்ளத்தை இன்னொரு தடவை காட்டும்மா" என்றார். அவ்வளவு மெதுவாக அவரால் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் பொறுமையாகக் காட்டினாள். கோட்டைச் சுவரிலிருந்த கல்வெட்டில் தனக்குப் புரியாத ஒரு வரியை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

வேனில் ஏறியதும் பல் டாக்டர், "ஏரி எங்கேயும் போயிடாது. உங்க வாய்க்காலைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். மற்ற எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள்.

பண்ணைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் முன்னால் நடக்க, ஒன்பது பேரும் வாய்க்கால் கரையில் வரிசையாகப் போனார்கள். கறவை நேரம் தாண்டிவிட்டதால் தொழுவத்தில் மாடுகள் கத்த ஆரம்பித்தன. அவள் நடையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"நீ போ. நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

என் கைக்கு எங்கள் மாடுகள் ஒழுங்காகப் பால் தந்ததில்லை. ஒன்று வாலால் முகத்தில் அடித்தது, இன்னொன்று வாளியை உதைத்தது. தூரத்தில் அவள் ஏதோ சொல்ல, ஒன்பது பேரும் சிரித்தது கேட்டது. நான் வாளியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.