இங்குட்டு

ஜெய்னுலாபுதீன் வீட்டுச் சந்தில் நுழையும்போதே அவன் மனைவி ஜன்னத்தின் குரல் தெருவுக்குக் கேட்டது. ஏதோ சண்டை என்று நினைத்து வாசலில் தயங்கி நின்றேன். ஜன்னத் வெளியே வந்து பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கண்ணே. சண்டையெல்லாம் இல்ல. அவுகளுக்குக் காது மந்தமில்லையா, கத்திக் கத்தி எனக்கும் இதே பழக்கமாப் போச்சு. ஒங்களுக்குத் தெரியாததா?"

காது மந்தம் என்பது தெரியும். அது பொய் என்பதும் எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபதாம் ஆண்டு பிப்ரவரியில், நாங்கள் காஷ்மீரில் இருந்தோம். பட்டாளத்தில் பனிச்சறுக்குப் பழக அனுப்பியிருந்தார்கள். ஜெய்னு காரைக்குடி, நான் சாக்கோட்டை, இன்னொருவன் தண்டாயுதபாணி, சிங்கம்புணரிக்காரன். ஐஸ் என்றால் மரத்தூளுக்குள் புதைத்து வைத்து, கல்யாண வீட்டில் சர்பத்துக்கு உடைத்துப் போடுவது என்று மட்டும் தெரிந்தவர்கள். முதல் வாரம் முழுக்க விழுந்தோம். முகாமே பார்த்துச் சிரித்தது. மூன்றாவது மாதம் எங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று பேரும் முகாமுக்குப் பின்னால் இருந்த மலைக்குக் கிளம்பினோம். பாதை கிடையாது, ஆள் கிடையாது. சறுக்குக் கட்டையின் அடியில் ரோமத்தோலை இழுத்துக் கட்டிக்கொண்டால் முன்னால் நகரும், பின்னால் வழுக்காது. அப்படியே நாலு மணி நேரம் ஏறினோம். உச்சியில் நல்ல வெயில். ஜெய்னு வீட்டிலிருந்து பார்சலில் வந்த முறுக்கை உடைத்துத் தின்றோம். தண்டாயுதபாணி ஊர்க்கதை சொல்லிச் சொல்லி எங்களுக்கு விலா நொந்துபோனது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பொழுது ஒன்று இருந்ததா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. அதுதான் இன்னும் கூடுதலாக அறுக்கிறது.

தோலைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினோம். முன்னால் நான், நடுவில் ஜெய்னு, கடைசியில் தண்டாயுதபாணி. பாதி மலையில் பனிமூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. வலது பக்கம் ஓர் ஓடை, அதன் மேல் மெல்லிய பனி மூடியிருப்பது ஏறும்போதே பார்த்தது. நான் இடது பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டேன். மேலே ஜெய்னுவின் கட்டை உரசும் சத்தம் கேட்டது.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த, கார்வால் மலைக்காரரான ஹவில்தார் இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருந்தார். மூட்டத்தில் குரல் பாறையில் பட்டு வேறு பக்கத்திலிருந்து வரும். அதனால் இங்கே வா, அங்கே போ என்று யாரையும் கூப்பிடக் கூடாது. வலது, இடது, அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

நான் கத்தினேன். "இங்குட்டு வா மாப்ளே. இங்குட்டு, இங்குட்டு."

ஊர்க்காரனைக் கூப்பிட வாய் திறந்தால் ஊர்ப்பேச்சுதான் வந்தது. குரல் எதிர்ப்பாறையில் மோதி வலது பக்கமிருந்து அவனுக்குக் கேட்டிருக்கிறது. கேட்ட பக்கம் சரியாக வந்தான். பனி உடைந்து ஓடைக்குள் விழுந்தான். தண்டாயுதபாணியும் நானும் அவனை மேலே இழுத்து முகாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மூன்று மணி நேரம் ஆனது. குளிரில் செத்துப்போன வலது கால் விரல்கள் ஐந்தையும் எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் அதிகாரி கேட்டார், என்ன சொல்லிக் கூப்பிட்டாய் என்று. எனக்கு அந்த மாதம் நாயக் பதவி உயர்வு வர இருந்தது. "இடதுன்னு கத்தினேன் சார்" என்றேன். தண்டாயுதபாணி வெகு மேலே இருந்தான். அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஜெய்னு என்னிடம் கேட்டான்.

"எனக்கு இங்குட்டுன்னு கேட்டுச்சே மாப்ளே?"

"இல்லடா. இடதுன்னுதான் சொன்னேன்."

அவன் காதைத் தேய்த்துக்கொண்டான். "அப்ப என் காதுதான்" என்றான். அதோடு விட்டுவிட்டான். என் பொய்தான் அவனை விடவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஜன்னத் உள்ளே கூட்டிப்போனாள். ஜெய்னு என்னைக் கண்டதும் கம்பை ஊன்றி எழுந்து கட்டிக்கொண்டான். என் சட்டையிலிருந்த ஹவில்தார் பட்டையைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். எனக்குச் சட்டையைக் கழற்றி எறியலாம் போல இருந்தது.

ஜன்னத் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தாள். காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்கான வேலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், உள்ளூரிலேயே. சம்மதம் என்று நாளைக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.

"நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. மாட்டேங்கிறாக" என்று கத்தினாள்.

"காது மந்தமானவன் டெலிபோன்ல ஒக்காந்து என்னத்தப் புடுங்குறது? ஒருத்தன் ஆபத்துக்கு நம்பர் கேப்பான், நான் வேற எங்கயாச்சும் குடுத்துருவேன். என் கால் போனது பத்தாதா?" என்றான் ஜெய்னு.

"மதுர டாக்டர் ஒரு குறையும் இல்லைன்னுதான சொன்னாரு?"

"டாக்டர் சொல்லுவாரு. அன்னைக்கு மலையில அவரா இருந்தாரு? இந்தா இருக்கானே குழந்தவேலு, இவன்தான இருந்தான். இவன் என்ன, பொய்யா சொல்லப் போறான்?"

ஜன்னத் சலித்துக்கொண்டு டீ போடப் போய்விட்டாள். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஹவில்தார் பட்டை போகலாம், இந்த வீட்டு உறவும் போகலாம். ஆனால் வேலையையும் இவன் என் வாயாலேயே இழந்தான் என்றால் நான் மனுஷனே இல்லை.

தலையைக் குனிந்துகொண்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னேன். "இடதுன்னு சொல்லல மாப்ளே. இங்குட்டுன்னுதான் கத்துனேன். ஒனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு. பதவிக்காகப் பொய் சொன்னேன்."

அவன் காதில் விழவில்லையோ, இன்னொரு தடவை சொல்ல வேண்டுமோ என்று நிமிர்ந்தேன். முகத்தைப் பார்த்தேன். காதில் விழுந்திருந்தது.

ஜன்னத் டீயோடு வந்தாள். "சீனி போதுமா பாருங்க" என்று வழக்கம்போல் கத்தினாள்.

"மெதுவாச் சொல்லு. கேக்குது" என்றான்.

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு, கிசுகிசுவென்று, "சீனி போதுமா?" என்றாள்.

"போதும். அந்தக் காயிதத்த எடு. கையெழுத்துப் போடுறேன்."

ஜன்னத்தின் கண் நிறைந்துவிட்டது. என் பக்கம் திரும்பிக் கும்பிடாத குறையாகக் கேட்டாள். "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். டாக்டரால முடியாததச் செஞ்சிட்டீக. அப்படி என்ன வைத்தியம் பண்ணுனீக?"

நான் ஜெய்னுவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. டீத் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கேக்குறால்ல. அவளுக்கும் சொல்லு."