பன்னிரண்டு துண்டு

குய்லான் ஈரத் தழையை இரும்புப் பீப்பாய்க்குள் திணித்ததும் ஆறாம் மாடி பால்கனியைப் புகை மூடிக்கொண்டது. மேலே கம்பியில் பன்றி இறைச்சித் துண்டுகள் உப்புநீர் சொட்டத் தொங்கின. மலைவீட்டில் வளர்த்த கடைசிப் பன்றி. அந்த வீட்டை இடிக்கச் சம்மதித்த பிறகுதான் அரசாங்கம் கீழே டவுனில் இந்த வீட்டைக் கொடுத்தது. மலையில் இருந்தவரை, தொலைதூரக் குவாங்டோங் மாகாணத்துச் செருப்பு ஆலையிலிருந்து புருஷன் அனுப்பும் பணத்தில் கொஞ்சம் மிஞ்சும். இங்கே வெங்காயத்தாளுக்குக்கூடக் கடைக்குப் போகவேண்டியிருக்கிறது. சீனப் புத்தாண்டு கழிந்ததும் அவளும் அதே ஆலைக்குப் போவதென்று போனிலேயே முடிவாகிவிட்டது. பதினாலு வயது மகள் ஹேமியாவ் இங்கேயே தனியாக இருந்து படிக்கவேண்டும். அதை மகளிடம் சொல்லத்தான் குய்லான் தினமும் வாயெடுப்பாள். பல் தேய்த்தாயா என்று கேட்டு முடித்துக்கொள்வாள்.

கதவைத் தட்டினார்கள். குடியிருப்பின் காவலாளி யாங், கையில் ஒரு வாளித் தண்ணீர், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றிருந்தார். யாரோ தீயணைப்பு வண்டிக்கே போன் போட்டுவிட்டார்களாம். ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

"தங்கச்சி, இது மலையில்ல. கீழ துணி காயப்போட்டவங்க எல்லாம் உன் பன்னி வாசத்தோட ஆபீசுக்குப் போவாங்க."

பீப்பாயில் தண்ணீரைக் கொட்டினார். குய்லான் கம்பியில் தொங்கிய இறைச்சியை அண்ணாந்து பார்த்தாள். இன்னும் இருபது நாள் புகை வேண்டும். இல்லாவிட்டால் கோடை வருவதற்குள் புழுத்துவிடும். அவள் முகத்தைப் பார்த்த யாங் குரலைத் தணித்தார். அவர் அண்ணன் இன்னும் மலையைவிட்டு இறங்கவில்லையாம். அண்ணன் வீட்டு அடுப்புப் புகைக்கு மேலே கட்டித் தொங்கவிடலாம், கூலியாக ஒரு துண்டு கொடுத்தால் போதும் என்றார்.

ஹேமியாவ் நாற்காலி போட்டு ஏறி, ஒவ்வொன்றாகக் கழற்றி மூட்டையில் போட்டாள். போன வருஷம், பன்றி வெட்டிய அன்று ஊரைக் கூப்பிட்டுப் போட்ட விருந்துக்கே பாதிப் பன்றி போனது. இந்த வருஷம் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாத் துண்டும் ஒரே அளவு.

யாங் மூட்டையோடு இறங்கிப் போனார். ஹேமியாவ் நாற்காலியைவிட்டு இறங்கவில்லை.

"பன்னெண்டு துண்டு. மாசத்துக்கு ஒண்ணு, இல்லம்மா?"

குய்லான் ஈரச் சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

"இப்ப ஒண்ணு அவருக்குப் போயிடுச்சு. அப்போ பதினோரு மாசத்துல வந்துருவியா?"

காற்று வந்தது. கம்பியில் வெறும் கொக்கிகள் பன்னிரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.