ஆமென் போட்டவர்கள்

ஞானசிகாமணி நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஆண்டவர் திரும்பி வரும்போது சபை தூங்கிக்கொண்டிருந்தால் அந்த அவமானம் தன் தலையில்தான் விழும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதனால் சபையில் 'ஜாமக்காரர் குழு' ஒன்றைத் தொடங்கி, சுரங்கத்தில் நடப்பது போலவே ஏ, பி, சி என்று ஷிஃப்ட் பிரித்துக் கொடுத்தார். எந்நேரமும் யாராவது ஒருவர் விழித்து ஜெபிக்க வேண்டும். தன் முறை தொடங்கியதும் வாட்ஸ்அப் குழுவில் 'விழித்திருக்கிறேன்' என்று போட வேண்டும். மற்றவர்கள் உடனே 'ஆமென்' போட வேண்டும். ரிலீவர் வராமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது.

சுரங்கத்தில் அடுத்த ஷிஃப்டுக்கு வந்து மாற்றிவிடுகிற ஆளுக்கு ரிலீவர் என்று பெயர். அவர் வந்து நிற்கும்வரை மெஷினை விட்டு இறங்க முடியாது. பரலோக வேலைக்கு மட்டும் ஒழுங்கு குறையலாமா என்று கேட்டார் ஞானசிகாமணி. எல்லோரும் ஆமென் போட்டார்கள்.

குழு நன்றாகவே ஓடியது. சங்கீதா டீச்சர் இட்லி ஊற்றிக்கொண்டே ஆமென் போட்டார். பொருளாளர் ராஜாங்கம் சலூனில் முகமெல்லாம் நுரையோடு ஆமென் போட்டார். விரல் பழகிவிட்டதால், எதற்குப் போடுகிறோம் என்று படித்துப் பார்க்கிற சிரமம்கூட இல்லாமல் போயிற்று. நெய்வேலியிலேயே இவ்வளவு விழிப்பான சபை வேறு இல்லை என்று ஞானசிகாமணி சொல்லிக்கொண்டார். கேட்டவர்கள் அதற்கும் ஆமென் என்றார்கள்.

குழுவுக்கு இருந்த ஒரே குறை சிலம்பரசன். கம்மாபுரம் பக்கத்துக்காரன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். சபைக்குப் புதியவன். வேலை முடிந்து நேராகக் காலை ஜெபத்துக்கு வந்து உட்காருவான். முதல் பாட்டு முடிவதற்குள் தலை தொங்கிவிடும்.

"என்ன தம்பி, தூக்கமா?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"இல்ல சார். கண்ண மூடிகினு ஜெபம் பண்ணிகினு இருந்தேங்க."

"குறட்டை விட்டா ஜெபம் பண்ணுவாங்க?"

சபை சிரித்தது. "இங்கதான் கான்ட்ராக்ட்டு, சரி. அங்கயாவது பெர்மனன்ட் ஆக வேண்டாமா?" என்று ராஜாங்கம் மேலே கையைக் காட்டினார். சபை இன்னும் பலமாகச் சிரித்தது. சிலம்பரசனும் கூடவே சிரித்துவைத்தான். அடுத்த வாரமே ஜெப முறையிலிருந்து அவனை எடுத்துவிட்டார் ஞானசிகாமணி. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் விட்டுவைத்தார். விழித்திருப்பவர்களைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளட்டும் என்பது அவருடைய இரக்கம்.

அந்தச் சனிக்கிழமை உபவாசக் கூட்டம். ஞானசிகாமணியின் மனைவி எஸ்தருக்குச் சர்க்கரை நோய்.

"என்னங்க, மறந்துபோய் மாத்திரையப் போட்டுட்டேன். சாப்பிடாட்டி சக்கரை இறங்கிடும். ரெண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுக்கட்டுமா?"

"தலைவர் வீட்டுலயே அடுப்பு எரிஞ்சா மத்தவங்க என்ன நினைப்பாங்க? மத்தியானம் வரைக்கும்தானே. கர்த்தர் பாத்துக்குவாரு."

எஸ்தருக்குக் கர்த்தர்மேல் நம்பிக்கை இருந்தது. மாத்திரைமேல்தான் பயமாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டார்.

கோயிலில் ஞானசிகாமணி 'விழித்திருங்கள்' என்ற தலைப்பில் பேசினார். பிரசங்க மேடையில் வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே போன். இடையில் எஸ்தர் கூப்பிட்டார். இவர் துண்டித்தார். கூட்ட நேரத்தில் யாரும் போன் பேசக் கூடாது, எதுவானாலும் குழுவில் போட வேண்டும் என்பது அவரே வைத்த சட்டம். எஸ்தர் சட்டத்தை மீறவில்லை. குழுவில் போட்டார்.

'கை நடுங்குது. கண்ணு இருட்டுது. யாராவது வாங்க.'

முதலில் வந்தது சங்கீதா டீச்சரின் ஆமென், கும்பிடும் கை எமோஜியோடு. ராஜாங்கம் ஒருபடி மேலே போய், 'ஆமென், சீக்கிரம் வாரும்' என்று போட்டார். பிறகு வரிசையாக ஆமென்கள். "எஜமான் எந்த நேரத்தில் வந்து தட்டுவார் என்று நமக்குத் தெரியாது!" என்று முழங்கிக்கொண்டே, ஞானசிகாமணியின் கட்டைவிரலும் ஒரு ஆமென் போட்டது.

மத்தியானம் கூட்டமும் உபவாசமும் முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது, யார் ஆமென் போடவில்லை என்று பார்ப்பதற்காக அவர் போனை எடுத்தார். ஒருவன்தான் போடவில்லை. சிலம்பரசன்.

"தூங்கியிருப்பான்" என்றார் பக்கத்து இலையிலிருந்து ராஜாங்கம்.

அந்த ஆமென்களெல்லாம் எதற்கு விழுந்தவை என்று பார்க்க ஞானசிகாமணி விரலை மேலே தள்ளினார். படித்தார். பிசைந்த சோற்றுக் கையோடு எழுந்து ஸ்கூட்டரை நோக்கி ஓடினார்.

குவார்ட்டர்ஸ் கதவு திறந்து கிடந்தது. எஸ்தர் சோபாவில் தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், சட்டையெல்லாம் நிலக்கரித் தூசியோடு, வாயைத் திறந்தபடி சிலம்பரசன் தூங்கிக்கொண்டிருந்தான். மேசைமேல் ஒரு பாட்டில். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் திருவிருந்தாகக் கொடுப்பதற்காக எஸ்தர் காய்ச்சி வைத்திருந்த திராட்சரசம். பாதிதான் இருந்தது.

"ஐயையோ, இது நாளைக்குத் திருவிருந்துக்கு வச்சதாச்சே!"

மனைவி உயிரோடு இருப்பது தெரிவதற்கு முன்னால் பாட்டில் குறைந்திருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. அவ்வளவு விழிப்பான கண்.

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்தான்" என்றார் எஸ்தர். "வேலை முடிஞ்சு பஸ்ல வர்றப்ப மெசேஜப் பாத்துட்டு பாதியிலயே இறங்கி ஓடி வந்திருக்கான். நம்ம வீட்டுல சக்கரை ஏது? டப்பா டப்பாவா தொறந்து பாத்தான். கடைசியில ஃப்ரிட்ஜுல இத மோந்து பாத்து, இனிப்பா இருக்குன்னுட்டு வாயில வச்சுப் புகட்டினான். 'குடிம்மா, குடிம்மா'ன்னு அழுதுட்டான்."

ஞானசிகாமணி மூடியை எடுத்துப் பாட்டிலை மூடினார்.

"கண்ணு தெளிஞ்சதும், நீ வீட்டுக்குப் போய்த் தூங்குப்பான்னேன். சார் வரலியேம்மா, ரிலீவர் வராம எப்படிப் போறதுங்கிறான்."

பிறகு, குழம்பில் உப்பு குறைவு என்று சொல்கிற குரலில் எஸ்தர் சொன்னார்: "நீங்களும் ஆமென் போட்டிருந்தீங்க. பாத்தேன்."

 

ஞானசிகாமணியின் சட்டைப்பையில் போன் ஒலித்தது. அடுத்த ஷிஃப்ட்காரர் விழித்திருக்கிறார். உடனே டிங், டிங் என்று ஆமென்கள். சிலம்பரசன் திடுக்கிட்டு எழுந்தான்.

"தூங்கல சார்! கண்ண மூடிகினு..."

ஞானசிகாமணி போனை அணைத்தார். ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைத்தார். எழப் போனவனின் தோளைப் பிடித்து, சோற்றுப் பருக்கை காய்ந்திருந்த கையாலேயே, மறுபடி உட்காரவைத்தார்.

"தூங்கு தம்பி. ரிலீவர் வந்தாச்சு."

பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். பாத்திரங்கள் உருளும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"எஸ்தர்," என்று உள்ளேயிருந்து தாழ்ந்த குரல் வந்தது, "இந்த இட்லித் தட்டு எங்க இருக்கு?"